கூரையில் ஓடிய படம்

அந்த புரொஜெக்டர் ஒரு சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் அட்டைப்பெட்டியைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். நூறு அங்குலப் படம், பகலிலும் பளிச்சென்ற வெளிச்சம், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் நாலு மணி நேரம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். சுவரில் விழுந்த கடலைப் பார்த்து ஒரு குடும்பமே வாயைப் பிளந்துகொண்டு சிரிப்பதாகப் படம் வேறு. அட்டையில் அச்சடிப்பவர்களுக்கு என்ன, மை இருக்கிறது, அடிக்கிறார்கள். நம்புகிறவன்தான் பாவம்.

ராமர் நம்பினான். நம்புவதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி சித்ராதேவி இரண்டு வருடமாக மல்லாந்து படுத்த படுக்கையில் இருந்தாள். கழுத்தெலும்பில் அடிபட்டுத் தோளுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தலையைப் பெரிதாகத் திருப்ப முடியாது. அவள் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, தலைக்கு மேலே இருக்கும் கூரை. ஓரக்கண்ணால் பார்த்தால் இடது பக்கத்து ஜன்னல் கொஞ்சம் தெரியும்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் இருவரும். பிழைக்க வந்து பதினேழு வருடமாகிறது. நல்லூரில் ஒரு லைன் வீட்டில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. ராமர் பக்கத்தில் காங்கேயம் ரோட்டுப் பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். சித்ராவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள்தான். ஷிப்மெண்ட் நெருக்கடியில் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு, காங்கேயம் ரோட்டில் பைக்கில் திரும்பி வந்தபோது ராமர் கண் அசந்துவிட்டான். வண்டி ரோட்டோரக் கல்லில் ஏறி இறங்கியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தூக்கி எறியப்பட்டாள். அன்றிலிருந்து இப்படி.

அன்றிலிருந்து ராமரும் வேறு ஆளாகிவிட்டான். அவளுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. துடைப்பது, துணி மாற்றுவது, மூத்திரப் பையைக் கொட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவன்தான். ஆனால் செய்கிற வேலையிலேயே கண்ணை வைத்திருப்பான். சோறு ஊட்டினால் கரண்டியைப் பார்ப்பான், முடி வாரினால் சீப்பைப் பார்ப்பான். தாய்மாமன் மகளான அவளோடு மண்ணில் விளையாடிய காலத்திலிருந்து வாய் ஓயாமல் பேசி வந்தவன், இப்போது “தண்ணி வேணுமா”, “திரும்பணுமா” என்று கேட்பதோடு சரி.

காலை எட்டரைக்குப் போனால் மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வருவான். மறுபடி போனால் இரவு எட்டு மணி. அத்தனை நேரமும் ஒருத்தி தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்ற நினைப்பு அவனை மெஷினில் உட்காரவிடாது. டிவி வாங்கி வைத்தால் அவளால் பார்க்க முடியாது. கம்பி வளைத்து முகத்துக்கு மேலே ஃபோனைத் தொங்கவிட்டுப் பார்த்தான். அது ஒரு நாள் கழன்று அவள் மூக்கிலேயே விழுந்து ரத்தம் வந்துவிட்டது. அப்போதுதான் மொபைல் கடை அருண்குமார் இந்தப் பெட்டியைக் காட்டினான்.

“கூரையப் பாத்து வெச்சீங்கன்னா போதுங்ணா. படுத்தவாக்குல தியேட்டருங்க.”

தியேட்டர் அவ்வளவு லேசில் வந்துவிடவில்லை. முதலில் தகரத்தின் மேடு பள்ளத்தில் படம் அலை அலையாக விழுந்தது. கதாநாயகியின் மூக்கு ஒரு மடிப்பிலும் வாய் இன்னொரு மடிப்பிலும் கிடந்தன. சரி, துணி கட்டுவோம் என்று கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் துணி கொண்டுவந்து இழுத்துக் கட்டினான். மெல்லிய பனியன் துணி சும்மா இருக்குமா? ஓரமெல்லாம் சுருட்டிக்கொண்டது, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. பிறகு கெட்டியான இன்டர்லாக் துணியை இரட்டையாக மடித்து, பிளாஸ்டிக் பைப்பில் சட்டம் போட்டு, தலையணை உறை தைப்பது போலத் தைத்து மாட்டினான். எழுத்தெல்லாம் திரும்பி விழுந்ததை அருண்குமார் வந்து சரிசெய்து கொடுத்தான்.

மிச்சம் இருந்தது வெளிச்சம். சாயங்காலத்தில் பளிச்சென்று தெரிந்த படம் காலை ஒன்பது மணிக்குக் கரைந்துபோனது. உற்றுப் பார்த்தால் யாரோ நடமாடுவது போலத் தெரிந்தது, அவ்வளவுதான். பகலிலும் பளிச் என்று அச்சடித்தவன் எந்த ஊர்ப் பகலைச் சொன்னானோ. சித்திரை வெயிலின் வெளிச்சம் அந்த ஒற்றை ஜன்னல் வழியாக வந்து அறை முழுவதும் நிறைந்துவிடும்.

ஜன்னலை அடைக்க வேண்டும் என்று ராமர் முடிவெடுத்தான். வேறு ஆளாக இருந்தால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருப்பான். இடுக்கில் கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் வந்து போயிருக்கும். இவன் டெய்லர். சாயம் ஒத்துவராமல் ஒதுக்கிப் போட்டிருந்த கறுப்புத் துணியை மேனேஜரிடம் கேட்டு வாங்கினான். ஜன்னலை நாலு பக்கமும் அளந்து, மூன்று மடிப்பு வைத்து வெட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் ஏற்றித் தைத்தான். வெளிப்பக்கமிருந்து ஜன்னல் சட்டத்தின் மேல் மாட்டினால் கப்பென்று கவ்விக்கொள்ளும். கதவுக்கும் அதே மாதிரி ஒரு பட்டி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் திணிக்க நீளமான திண்டு. மாட்டி முடித்து உள்ளே வந்து கதவைச் சாத்தினால் நட்டநடுப் பகலில் அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை. ஊசி நுழையும் வெளிச்சம்கூட இல்லை. பதினேழு வருட சர்வீஸில் இப்படி ஒரு வேலை அவன் செய்ததில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“அசல் தியேட்டர் மாதிரித்தான் இருக்கு மாமா” என்றாள் சித்ரா.

அந்த ஜன்னலுக்கு வெளியே இதுவரை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சாரதாமணி. பொங்கலூர்க்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவள். கம்பெனிகளிலிருந்து தைத்த பனியன்களை மூட்டையாக வாங்கிவந்து, நிழலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பாள். சித்ராவின் ஜன்னலடியில்தான் காலை வெயில் படாத நிழல். கத்தரி ஒருபக்கம் ஓட, வாய் ஒருபக்கம் ஓடும். மருமகள் சண்டை, தண்ணீர் வராத கதை, எந்தக் கம்பெனியில் ஆர்டர் இல்லை, யார் யாரோடு போய்விட்டாள், எல்லாம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போகும். நடுவில் இரண்டு தரம் உள்ளே வந்து சித்ராவுக்குத் தண்ணீர் கொடுத்து, இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, காலை மாற்றிப் போட்டுவிட்டுப் போவாள்.

படம் ஓட ஆரம்பித்த நாளன்று ராமர் அவளிடம் போய் நின்றான்.

“அக்கா, கதவத் தொறந்தா வெளிச்சம் உள்ள வந்துருது, படம் தெரிய மாட்டேங்குது. தண்ணிக்கு வாய்கிட்ட டியூப் வச்சுட்டேன். பகல்ல கதவத் தொறக்க வேணாம்க்கா. அவ நிம்மதியாப் பாக்கட்டும்.”

“அப்படீங்களா தம்பி. சரீங்க. பாவம், புள்ள நல்லாப் பாக்கட்டுங்க” என்றாள் சாரதாமணி.

கொங்கு நாட்டு மரியாதை பொல்லாதது. வேண்டாம் என்று ஒருவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டார்கள். மனதில் வருத்தம் இருந்தாலும் சிரித்த முகத்தோடுதான் விலகுவார்கள். பேச்சுச் சத்தம் படத்துக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று சாரதாமணி தன் மூட்டையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு எதிர்வரிசை வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் மதியம் ராமர் மூச்சிரைக்க ஓடி வந்தான். உள்ளே இருட்டாக இருந்தது. லைட்டைப் போட்டான். பெட்டி அணைந்திருந்தது.

“நின்னுபோச்சா?”

“இப்பத்தான் மாமா. ஒரு பத்து நிமிசம் இருக்கும்.”

ராமருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டையில் போட்டது நாலு மணி நேரம், ஓடியது நாலரை. பெட்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தான்.

“என்ன படம் பாத்த?”

படங்களை அருண்குமார்தான் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பான். என்ன படம் என்று ராமருக்குத் தெரியாது. சித்ரா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு போலீஸ்காரன், அவனுக்கு ஒரு வாய் பேசாத மகள், அந்த மகள் மட்டும் பார்த்த ஒரு கொலை. கதை சொல்வதில் அவள் சிறுவயதிலிருந்தே கெட்டிக்காரி. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ராமர் கையில் உருட்டிய சோற்றை மறந்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்தப் பெண் பேச முயன்ற இடத்தைச் சொன்னபோது அவன் கண் கலங்கிவிட்டது. அதே மூச்சில் போலீஸ்காரனின் மாமியார் அடித்த கூத்தைச் சொன்னாள். ராமர் சிரித்தான். இரண்டு வருடத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. காலையில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவான். ஒரு மணிக்கு வந்தால் ஒரு கதை. சாப்பாட்டு நேரத்தில் ஏறிய சார்ஜில் மறுபடி ஓடவிட்டுப் போவான், இரவு எட்டு மணிக்கு இன்னொரு கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் படம் வேண்டாம் என்பாள். “நீதான் இருக்கீல்ல, படம் எதுக்கு?” என்பாள். அன்றைக்கு மட்டும் கறுப்பு உறையைக் கழற்றி வைப்பான்.

கம்பெனியில் எல்லோரும் அவன் மாற்றத்தைக் கவனித்தார்கள். டீ நேரத்தில் சித்ரா சொன்ன கதைகளை இவன் மற்றவர்களுக்குச் சொல்வான். பெட்டியின் பெருமையையும் கூடவே சொல்வான். அதைக் கேட்டுத்தான் கட்டிங் மாஸ்டர் சுரேந்தரும் அதே பெட்டியை அருண்குமாரிடம் வாங்கினான்.

நாற்பது நாள் போயிருக்கும். சித்ராவின் இடுப்புக்குக் கீழே ஒரு இடத்தில் தோல் சிவந்திருந்தது. வெயில் சூடு என்று ராமர் பவுடர் போட்டான். அவள் இளைத்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ரொம்பப் படம் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். நமக்குப் பிடித்த விஷயத்துக்கு நாம் எவ்வளவு சுலபமாகச் சமாதானம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சொன்ன கதை ஒரு அண்ணன் தங்கை கதை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அண்ணன் நிலத்தை விற்றுத் தங்கையைப் படிக்க வைக்கிறான். பிறகு லாரி ஓட்டப் போகிறான். ஒரு நாள் தங்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும்போது விடியற்காலையில் தூங்கிவிடுகிறான். தங்கைக்கு இரண்டு காலும் போய்விடுகிறது. அண்ணன் ஒருவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விடுகிறான்.

ராமர் தட்டைக் கீழே வைத்தான்.

“பெறகு?”

“அதோட நின்னுபோச்சு மாமா. மிச்சத்த நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அன்றைக்கு அவனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தும் அந்த அண்ணன் நினைப்பாகவே இருந்தது. சாயங்கால டீயின்போது சுரேந்தரிடம் கதையைச் சொன்னான். படத்தில் வந்த ஊர், அண்ணனாக நடித்தவனின் பெரிய மீசை எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே சொன்னான். சுரேந்தர் யோசித்தான்.

“ஏனுங்ணா, அந்த மீசக்காரன் நெலத்த விக்கிற படந்தானுங்க? நானும் அருண்கிட்ட ஏத்தி நேத்துத்தான் பாத்து முடிச்சனுங்க. அதுல லாரியே வரலீங்களே.”

“லாரி வரலையா?”

“இல்லீங்ணா. இடைவேளைக்கு அப்பறம் அண்ணங்காரன் துபாய் போயர்றானுங்க. அப்பறம் முழுக்கக் காமெடிதானுங்க.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவன் மேலும் சொன்னான். “அதையும் மூணு தவணையாப் பாத்தனுங்க. ஒரு மணி நேரத்துல பொசுக்குனு அணஞ்சு போயிருதுங்ளே. சார்ஜ் போட்டுட்டே ஓட்டுனா கொதிச்சு அதுவா நின்னுக்குது. அருணக் கேட்டா, இந்த சைஸ் பொட்டிக்கு அவ்வளவுதான் பேட்டரிங்கறான். உங்களுது மட்டும் எப்படீங்ணா நாலு மணி நேரம் ஓடுது?”

ராமர் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அன்று இரவு அவளிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சுரேந்தர் வாங்கியது பழுதான பெட்டியாக இருக்கலாம். படம் வேறாக இருக்கலாம். விடியும் வரை இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கிடந்தான். காலையில் வழக்கம்போலப் பெட்டியைக் கூரைக்குத் திருப்பி வைத்தான். கறுப்பு உறையை மாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனான்.

பத்தரை மணி டீ பிரேக்கில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். வேப்பமரத்தடியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள். அவன் உதட்டில் விரலை வைத்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, கறுப்புத் துணியில் காதை ஒட்டி நின்றான்.

படத்தின் சத்தம் எதுவும் இல்லை. பாட்டு இல்லை, இசை இல்லை. கரண்டும் போயிருக்க வேண்டும், மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தகரத்தின் அனல் வெளியே நின்றவன் தலையிலேயே அடித்தது.

உள்ளே சித்ரா பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் ரயில்ல ஏறித் திரும்பி வாரான்… வேணாம், ரயிலு போன வாரம் வந்துருச்சு. மாமா கண்டுபிடிச்சிரும். பஸ்ஸுல வாரான். தாடி வச்சிருக்கான். ஊரே அவன அடையாளம் தெரியாமப் பாக்குது. வீட்டுக்கு வாரான். வாசல்ல நிக்கிறான்…”

நிறுத்தினாள். தண்ணீர் டியூபை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“அண்ணன் பஸ்ஸுல திரும்பி வாரான்…”

ராமர் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டான். எட்டரைக்குப் போட்ட பெட்டி ஒன்பதரைக்கு அணைந்திருக்கும். ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை, பிறகு இரண்டிலிருந்து எட்டு வரை, நாற்பது நாளாக இவள் இந்த இருட்டில் கிடந்திருக்கிறாள். ஸ்விட்ச் போட எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டால் வர ஆள் இல்லை, ஆளை விரட்டியவன் இவன்தான். முன்பாவது அவளுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. ஒரு மனுஷி பேச இருந்தாள். அதை ஒரு பொட்டு வெளிச்சம் போகாமல், எலாஸ்டிக் வைத்து, தன் கையாலேயே தைத்து மூடிவிட்டான்.

உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். கெட்டியாகக் கவ்வியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் எலாஸ்டிக் அறுந்து கையோடு வந்தது.

வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. சித்ரா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து ஓரமாகப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே அவன் நின்றிருந்தான்.

“மணி ஒண்ணாயிருச்சா மாமா?” என்று கேட்டாள்.

“பத்தரை.”

அவள் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அவன் சுற்றிக்கொண்டு கதவு வழியாக உள்ளே வந்தான். அறை வெந்து கிடந்தது. துண்டை நனைத்து அவள் முகத்தைத் துடைத்தான். துண்டைப் பார்த்தே துடைத்தான்.

“எம்புட்டு நாளா இப்படி?”

“மொத நாள்ல இருந்தேதான். அம்புட்டு ஆசையா ஓடி வந்து கேட்டியே.”

“சொல்லீருக்கலாம்ல.”

“சொல்லீருக்கலாம்.”

“இருட்டுல பயமா இல்லையா உனக்கு?”

“மொத ரெண்டு மூணு நாள் இருந்துச்சு. பெறகு கதையில புத்தி போயிரும். முக்காவாசிப் படத்துக்குப் பாதிதான் எனக்குத் தெரியும். மிச்சத்த நாந்தான் கட்டணும். நீ வர்றதுக்குள்ள முடிக்கணுமேன்னு இருக்கும், நேரம் போறதே தெரியாது.” அவள் லேசாகச் சிரித்தாள். “சில நாள் தெரியும்.”

ராமர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். அழுதான். சத்தம் வராமல் அழப் பார்த்தான், முடியவில்லை. வெளியே கத்தரிச் சத்தம் நின்றுபோயிற்று. சாரதாமணி வாசல் வரை வந்து, உள்ளே வராமல், “தம்பி, ஏதாவது வேணுங்களா?” என்று கேட்டாள். அங்கேயே நின்றாள்.

“உள்ள வாங்கக்கா” என்று சித்ரா கூப்பிட்டாள்.

“வாரனுங்க கண்ணு. நீங்க பேசிட்டு இருங்க, வாரேன்” என்றாள் அவள். ஆனால் போகவில்லை.

“எதுக்குடி இப்படிப் பண்ணுன?” என்று ராமர் கேட்டான்.

சித்ரா கூரையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடி சொன்னாள்.

“அடிபட்டதுல இருந்து நீ என் மூஞ்சியப் பாக்குறதில்ல மாமா. எல்லாம் செய்வ. ஆஸ்பத்திரி நர்சு மாதிரி செஞ்சுட்டுப் போயிருவ. கதை சொன்ன அன்னைக்கித்தான் நிமிந்து பாத்த. அரை மணி நேரம் பாத்த. சிரிச்ச. அந்தப் பொட்டி நின்னுபோச்சுன்னு சொன்னா, நீ இன்னொரு பொட்டி தேடிப் போயிருவ. எனக்குப் பொட்டியா வேணும்?”

ராமரின் ஃபோன் அடித்தது. சூப்பர்வைசர். எடுத்து, “இன்னைக்கி வரலீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்தான். கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தான். அவளை நேராகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். பார்வை அவள் நெற்றி வரை போய்விட்டுக் கீழே இறங்கிக்கொண்டது.

“அந்த அண்ணன் கதையும் நீயா கட்டுனதா?”

“லாரியில இருந்து நான் கட்டுனது.”

“எனக்காகவா?”

“உனக்காகத்தான். வேற யாருக்கு நான் கதை சொல்றேன்?”

“அவன் திரும்பி வாரான்ல. கேட்டேன். வாசல்ல நிக்கிறான்னு சொன்ன.”

“ஆமா. உள்ள வரமாட்டேங்கிறான். நேத்துல இருந்து அந்த எடத்துலயே நிக்கிது. அதுக்கு மேல எனக்கு ஓடல.”

“தங்கச்சி என்ன சொல்றா?”

சித்ரா தண்ணீர் டியூபை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டாள்.

“அவளுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசமா வச்சிருக்கா. சொன்னா அவன் நம்புவானோ, ஆறுதலுக்குச் சொல்றாள்னு நினைப்பானோன்னு பயம். கதையில வச்சுச் சொன்னா நம்பிருவான்னு பாத்தேன்.” நிறுத்தினாள். “அன்னைக்கி நீ மட்டும் தூங்கல மாமா. நானும் தூங்கிட்டேன். நீ தூங்குறது பின்னாடி இருக்கிற எனக்குத்தானே தெரியும், உன் தலை ஆடுறத ரெண்டு தரம் பாத்து முதுகுல தட்டுனேன். மூணாவது தரம் தட்டல. உன் முதுகுல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டேன். பிடிச்சிருந்த கையையும் விட்டுட்டேன். விழுந்ததே எனக்குத் தெரியாது. ராத்திரி பூரா நின்னு வேலை பாத்தது நீ மட்டுமா? நானும்தானே?”

ராமர் நிமிர்ந்தான். முதுகில் விழுந்த அந்த இரண்டு தட்டும் அவனுக்கு நினைவில் இருந்தன. மூன்றாவதை அவன் இதுநாள் வரை யோசித்ததே இல்லை. தன் தூக்கத்தை மட்டுமே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, பின்னால் ஒருத்தி அதே அலுப்போடு உட்கார்ந்திருந்தாள் என்பது நினைவுக்கே வரவில்லை.

“நிசமாவா?”

“நிசம். கதை இல்ல.”

வாசலில் நின்ற சாரதாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தன் மூட்டையை ஜன்னலடிக்கு எடுத்துவர வேப்பமரத்தடிக்கு நடந்தாள்.

ராமர் சித்ராவின் முகத்தைப் பார்த்தான். கண்ணைச் சுற்றிய கறுப்பையும், வறண்ட உதட்டையும், இரண்டு வருடத்தில் காதோரம் வந்திருந்த நரையையும் பார்த்தான். இதையெல்லாம் இப்போதுதான் அவன் பார்க்கிறான். உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தான். அவளுக்குத் தொட்டால் தெரிகிற இடம் அது. சித்ரா கண்ணை மூடி, முடிந்த அளவுக்கு முகத்தை அந்தக் கையின் பக்கம் சாய்த்தாள்.